அட்வான்ஸ் தவசி

கால மடக்கச் சொல்லாதிய அண்ணாச்சி, அது மடங்காது. நீங்க சொல்லலை, சரி. சொல்லப் போறியன்னு தெரிஞ்சுது, அதான் முந்திக்கிட்டேன். மாட்டுத்தாவணியில ஏறுனப்பவே கண்டக்டர் என் காலப் பாத்துட்டு வந்தான். அவன் வாயத் தொறக்கதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன், தம்பி, இது ஆப்பரேசன் பண்ணுன முட்டு, இப்பிடித்தான் நீட்டிக்கிட்டு கெடக்கும், தாண்டிப் போயிக்கோன்னு. அவன் டிக்கெட்டு குடுக்கத்தான் வந்தானாம். இருக்கட்டும். சொல்லி வெச்சா நல்லதுதானே.

நீங்க வாத்தியாருதானே? பையப் பாத்தாலே தெரியுது. இல்லியா? அப்பம் கோர்ட்டுல வேலை. அதுவும் இல்லியா? சரி விடுங்க, சொல்லாதிய, தூத்துக்குடி போறதுக்குள்ள நானே கண்டுபுடிச்சிருவேன். ஆளப் பாத்து அளக்கதுதான் எனக்குத் தொழிலு. கபடியில கார்னர்ல நிக்கவனுக்குக் கண்ணுதான் எல்லாம்.

ஆமா, கபடிதான். தவசிமுத்துன்னு பேரு. டிவியில பாத்திருப்பிய, பாத்த ஞாபகம் இருக்காது. 'அட்வான்ஸ் தவசி'ன்னு சொல்லுவாவ. மைக்குல பேசுதவன் வெச்ச பேரு. எதுக்கு அட்வான்ஸ்னா, மத்தவன் யோசிச்சு முடிக்கதுக்குள்ள நான் போயிருவேன். பாடி வாறவன் கால எடுத்து வைக்கலாமா வேண்டாமான்னு நெனைக்கும்போதே நான் அந்தக் கால் மேல விழுந்திருப்பேன். கூட்டம் அந்தப் பேரச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அம்புட்டு சந்தோசம் அவுகளுக்கு.

இப்பம் எங்க போயிட்டு வாறேன்னா, எம்மவளக் கூட்டிட்டு வரப் போனேன். முத்துக்கனி. மதுரையில ஒரு காலேஜ் கிரவுண்டுல பொம்பளப் புள்ளைய ஸ்டேட் டீமுக்கு கேம்ப் நடக்கு. என்ன மாதிரியே எடது கார்னர் அவ. இந்த டீமுல எடம் கெடைச்சிட்டுன்னா போலீசுக்கோ ரயில்வேக்கோ வழி தொறந்திரும். கேம்ப்ப விட்டுப் பாதியில வந்தா அம்புட்டுதான், அடுத்த தடவை கூப்பிட மாட்டாவ. எல்லாம் எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் போனேன். தனியா வந்து உக்காந்திருக்கேனேன்னு பாக்கிய. அத பொறவு சொல்லுதேன். தோத்துட்டு வாறேன்னு மட்டும் நெனைக்காதிய.

அந்த கேம்புக்கு கோச்சு யாரு தெரியுமா? ஜெபசிங். அந்தப் பேரு எங்க வீட்டுல யாரும் சொல்லப்படாது. வீட்டுக்காரிக்கும் தெரியும், புள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சு ரெண்டு பேருமா சேந்து மறைச்சிருக்காவ. நேத்து உடன்குடியில ஒரு டோர்னமெண்டுக்கு என்ன பரிசு குடுக்கக் கூப்பிட்டிருந்தாவ. அங்கன ஒருத்தன் மால போடும்போது காதுக்குள்ள சொல்லுதான், ஒங்க ஜெபசிங்தானே ஒங்க மவளுக்கு இப்பம் கோச்சுன்னு. மாலையக் கழத்தி அவன் கையிலயே குடுத்துட்டு வந்துட்டேன். விடிஞ்சதும் கெளம்பிட்டேன். வீட்டுக்காரி குறுக்க வந்து நின்னா. என்ன சொல்லப் போறான்னு தெரியும், புள்ள வாழ்க்கையக் கெடுக்காதியன்னு அழுவா. ஒண்ணும் பேசாதன்னுட்டேன். சட்டையத் திருப்பிப் போட்டிருக்கியன்னு சொல்லத்தான் வந்தாளாம். பஸ் ஸ்டாண்டுல வந்து பாத்தா, ஆமா, திருப்பித்தான் போட்டிருக்கேன்.

ஜெபசிங் யாருன்னு சொல்லணும்லா. நாசரேத்துக்காரன். சென்னையில ஒரு கம்பெனி டீமுல ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்தோம். ஒரே ரூமு, ஒரே பாயி. நான் எடது கார்னர், அவன் எனக்குப் பக்கத்துல நிக்கவன். எங் கையும் அவன் கையும் கோத்துத்தான் இருக்கும். கபடியில அப்பிடித்தான் அண்ணாச்சி, கார்னர்காரன் ஒத்தையில ஆடுதவன் இல்ல. நான் பாய்ஞ்சா பின்னால இழுத்து நிப்பாட்டவும், புடிச்சா மேல வந்து அமுக்கவும் ஒரு ஆளு வேணும். டிவி லீக் வந்தப்பம் வடக்கத்தி டீம் ஒண்ணு எங்க ரெண்டு பேரையும் ஜோடியாவே எடுத்துச்சு. ஜோடி மாட்ட வாங்குத மாதிரின்னு ஜெபசிங் சொல்லுவான்.

அங்கன ஒரு சங்கடம். கோச்சு இந்தியிலயே கத்துவாரு. எங்களுக்கு ஒரு எழவும் புரியாது. அதனால நாங்களே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். கை கோத்துருக்குல்லா, அதுல ஜெபசிங் ஒரு அமுக்கு அமுக்குனா பொறுன்னு அர்த்தம். ரெண்டு அமுக்கு அமுக்குனா போன்னு அர்த்தம். ஏன் அவன் அமுக்கணும், நான் ஏன் அமுக்கப்படாதுன்னு கேளுங்க. அவனுக்கு நடுவுல நின்னா எல்லாம் தெரியுமாம். கோச்சு மொழிபெயர்க்க ஆளு வெச்சு அப்பிடித்தான் சொன்னாரு. சரின்னுட்டேன். எனக்கு அந்த அமுக்கே தேவையில்ல, அது வேற. அவன் அமுக்கதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிரும்.

ரெண்டாவது சீசனு, செமிஃபைனல். கடைசிப் பாட்டு. நாங்க ஒரு புள்ளி முன்னால நிக்கோம். எதிர்ல ஒரு அரியானாக்காரன் பாடி வாறான், ஆளு பனை ஒசரம். நேரம் முடியப் போவுது. அவன் யாரையும் தொடாமப் போனா நாங்க ஃபைனல். அதாவது, நாங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், பின்னால தள்ளித் தள்ளி நின்னாலே போதும். நீங்களும் இத ஒரு நாயம்னு சொல்லுவிய. எல்லாவனும் அதத்தான் சொன்னான். டிவியில திருப்பித் திருப்பிப் போட்டு அதையேதான் சொன்னானுவ. நின்னே ஜெயிக்கதுக்கு நான் என்ன லைட் கம்பமா?

அவன் கால நீட்டுனான். நான் போனேன். ஜெபசிங் கையில அமுக்கு வந்துச்சு. வந்துச்சுன்னுதான் சொல்லுதேன். நான் பாய்ஞ்சேன், பாத்தா எங் கையில ஜெபசிங் கை இல்ல. விட்டுட்டான். அந்த அரியானாக்காரன் என்னையும் இழுத்துக்கிட்டு கோட்டத் தாண்டி விழுந்தான். எம் முட்டு மேலதான் விழுந்தான். டப்புன்னு ஒரு சத்தம், எனக்கே கேட்டுச்சு. புள்ளி சமமாயிட்டு. பொறவு எக்ஸ்ட்ரா நேரம் குடுத்து ஆடுனதுல தோத்தாச்சு. ஜெபசிங் அந்த எக்ஸ்ட்ரா நேரத்துல எறங்கவே இல்ல தெரியுமா? வெளியவே உக்காந்துட்டான். பண்ணுன காரியத்துக்கு பயந்துட்டான். அடுத்த சீசனும் அவன் ஆடலை. அதுவும் பயத்துலதான்.

ஆஸ்பத்திரிக்கு வந்தான். வாசல்ல நிக்கது தெரிஞ்சுது. எதுக்கு வாறான், மன்னிப்பு கேக்கத்தான் வாறான். கேட்டுட்டா அவனுக்கு மனசு லேசாயிரும், எனக்கு முட்டு வந்திருமா? நர்சம்மாகிட்ட சொல்லிக் கதவச் சாத்தச் சொல்லிட்டேன். அதோட சரி. அன்னையிலருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் அவன் மொகத்துல நான் முழிச்சது இல்ல.

அருப்புக்கோட்டையா இது? டீ குடிக்க எறங்குதியளா? இல்லைன்னா சரி, நானும் எறங்கலை. எறங்குனா ஏறத்தான் சங்கடம்.

பொறவு என்ன செஞ்சேன்னு கேக்கப் போறிய. கம்பெனியில ஸ்டோருல உக்கார வெச்சாவ. நட்டு போல்டு எடுத்துக் குடுக்க வேலை. ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு விட்டாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆடாத ஆளுக்கு எதுக்கு வேலைன்னு கேக்கப் போறாரு. அத அவரு வாயால கேட்டுட்டு நிக்கணுமா நான்? உள்ள போன உடனே ஸ்டோர் சாவிய மேசையில போட்டேன். ஒம்ம வேலை எனக்கு வேண்டாம்யான்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். பொறவு கூட இருந்தவன் சொல்லுதான், சின்னப் பயலுவ டீமுக்கு ஒன்னிய கோச்சாப் போடத்தான் கூப்பிட்டாருன்னு. சும்மா ஆறுதலுக்குச் சொல்லுவான். அவன் சொல்லுதத எல்லாம் நம்ப முடியுமா?

ஊருக்கு வந்து மச்சினனோட சேந்து பரோட்டாக்கடை போட்டேன். நல்லாத்தான் போச்சு. ஒரு நாள் அவன் மொகம் சரியில்ல. ரெண்டு நாளா பேச்சு கொறஞ்சு போச்சு. பிரிக்கப் போறான்னு புரிஞ்சிட்டு. அவன் சொல்லி நான் பிரிஞ்சா ஊருல என்ன சொல்லுவான்? நானே பிரிச்சிக்கிட்டேன். அவனுக்குக் கடைவாப் பல்லுல வலியாம், அதான் பேசலையாம். என்ன வேணா சொல்லலாம். இப்பம் குட்டியானை லோடு வண்டி ஓட்டுதேன், வாழத்தாரு, செங்கல்லு, கல்யாணப் பந்தல் சாமான், எது வந்தாலும். எடது காலு சரியா மடங்காது, கிளட்ச்ச மிதிக்கும்போது உசிரு போகும். ஆனா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். எந்த எடத்துல இருந்தும் என்ன ஒருத்தனும் வெளிய அனுப்புனது கெடையாது. எல்லா எடத்துலயும் நானாத்தான் வெளிய வந்திருக்கேன். இத எத்தனை பேரு சொல்ல முடியும்?

சரி, காலையில நடந்ததுக்கு வாறேன். கிரவுண்டுக்குள்ள போறேன், புள்ளைய ஆடிக்கிட்டு இருக்கு. ஜெபசிங் அந்தாண்டைக்கு நிக்கான், விசில் வாயில. தல நரச்சுப் போச்சு. நான் கம்பி வேலிகிட்டயே நின்னுட்டேன். எம்மவள முதல்ல பாக்கணும்லா.

எடது கார்னர்ல நிக்கா. பக்கத்துல சேலத்துப் புள்ள ஒண்ணு, ரெண்டும் கை கோத்திருக்கு. எதிர்ல பாடி வாற புள்ள நல்ல வேகம். வந்தா, கால நீட்டுனா. இப்பம் போ, போன்னு எம் முட்டே துடிக்கு. இவ போகலை. பின்னால தள்ளி நிக்கா. அந்தப் புள்ள திரும்பவும் வாறா, திரும்பவும் நீட்டுதா. இவ அப்பவும் போகலை. எனக்குக் கோவம் வந்துட்டு. என்ன சொல்லிக்குடுக்கான் இவன், புள்ளையப் பயந்தாங்கொள்ளியா ஆக்கி வெச்சிருக்கான்னு நெனைக்கேன். அந்தப் புள்ள போதும்னு திரும்புனா பாருங்க. திரும்புன அந்த நேரத்துல முத்துக்கனி போனா. ரெண்டு கையும் கணுக்கால்ல பூட்டு மாதிரி விழுந்துச்சு. சேலத்துப் புள்ள மேல வந்துட்டா. அந்தப் பாடுன புள்ளையால ஒரு அடி நகர முடியலை.

நல்ல புடிதான். இல்லைங்கலை. ஆனா ரொம்ப லேட்டு அண்ணாச்சி. நான்னா முதத் தடவையே முடிச்சிருப்பேன்.

ஜெபசிங் என்னப் பாத்துட்டான். விசில எடுத்துட்டு வேகமா வந்தான். பாதி வழியில நின்னான். பொறவு ஓரத்துல இருந்த டீக்கேன்ல ஒரு டம்ளரு புடிச்சுக் கொண்டாந்து நீட்டுனான். நான் வாங்கலை. எம்மவளக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்னு சொன்னேன். அவன் நீட்டுன டம்ளர இழுத்துக்கலை. பொறவு மெதுவாச் சொல்லுதான், "அன்னைக்கு நான் ஒரு அமுக்குதான் அமுக்குனேன், தவசி."

பொய். எத்தனை வருசம் கழிச்சு வந்து சொல்லுதான் பாருங்க.

அந்த டம்ளரப் புடிச்சிருந்தான்லா, எடது கை. அதுல ரெண்டு விரலு கோணிக்கிட்டு நிக்கு, மடக்கவே முடியலை. டம்ளர மூணு விரலாலதான் புடிச்சிருக்கான். என்னதுன்னு கேட்டேன். அந்த மேட்ச்சுல ஒடஞ்சதுங்கான், ரெண்டு தடவை ஆப்பரேசனாம். நான் அப்பம் ஸ்ட்ரெச்சர்ல கெடந்தேன், எனக்கென்ன தெரியும். ஆண்டவன் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். கைய விட்டவனுக்கு அந்தக் கையிலயே குடுத்தான்.

என்ன கேக்கிய? கைய விட்டவனுக்கு விரலு எப்பிடி ஒடையும்னா? அது... விழுந்திருப்பான். வேற எங்கயாவது பட்டிருக்கும். நீங்க கபடி ஆடுன ஆளு இல்ல அண்ணாச்சி, ஒங்களுக்குப் புரியாது.

பொறவு அவன் சொன்னான், அவட்டயே கேளு, வாறேன்னா நான் தடுக்க மாட்டேன்னு. முத்துக்கனி ஓடி வந்தா. மொகமெல்லாம் மண்ணும் வேர்வையும். என்னப்பான்னு கேக்கல, அவளுக்குத் தெரியும். பையக் கட்டு, போவோம்னேன். அவ என்னப் பாத்தா, கோச்சப் பாத்தா. "பிராக்டிஸ் முடியட்டும்பா. இருங்க, வந்து சொல்லுதேன்" அப்பிடின்னா. சொல்லிட்டு ஓடிப் போயி அந்தச் சேலத்துப் புள்ள கையப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டா.

அம்புட்டுதான். இதுக்கு மேல என்ன இருக்கு? வரணும்னா அப்பமே வந்திருக்க மாட்டாளா? பிராக்டிஸ் முடிஞ்சு வருவா, நான் வரலைப்பா, நீங்க போங்கன்னு சொல்லுவா. அத ஜெபசிங் பக்கத்துல நின்னு கேப்பான். அந்தக் காட்சிய நான் அவனுக்குக் குடுக்கணுமா? பெத்த புள்ள வாயால போன்னு சொல்லி நான் போகணுமா? கொஞ்ச நேரம் கிரவுண்டுப் படியில உக்காந்திருந்தேன். அவ அந்தாண்ட திரும்பி நிக்க நேரம் பாத்து எந்திச்சு வந்துட்டேன். ஆட்டோவப் புடிச்சேன், மாட்டுத்தாவணி வந்தேன், ஒங்க பக்கத்துல உக்காந்தேன். என்ன ஒருத்தரும் அனுப்பலை. நானா வந்தேன்.

தலைய ஆட்டுதிய. என்ன சொல்ல வாறியன்னு தெரியும். இருந்து கேட்டிருக்கலாம்னு சொல்லுவிய. பெரிய மனுசரு எல்லாம் அப்பிடித்தான் சொல்லுவாவ.

போனு அடிக்கி. இருங்க. முத்துக்கனிதான்.

எடுக்க மாட்டேன். எதுக்கு எடுக்கணும்? நேர்ல சொல்ல முடியாதத போன்ல சொல்லப் போறா. அடிக்கட்டும், தானா நின்னுரும். ஒங்களுக்கு என்ன, எடுங்க எடுங்கன்னுட்டு. சரி, ஒங்களுக்காகத்தான் எடுக்கேன்.

ம், சொல்லு. பஸ்ஸுல. பந்தல்குடி தாண்டிட்டு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்கே... என்னது? எங்க நிக்க? எந்த கேட்டு? பையோடவா?

ம்.

ம். அழாமச் சொல்லு.

ம்.

அண்ணாச்சி, காலேஜ் கேட்டுல நிக்காளாம். பையக் கட்டிக்கிட்டு. பிராக்டிஸ் முடிஞ்ச ஒடனே கோச்சுகிட்ட சொல்லிட்டு, புள்ளையகிட்ட எல்லாம் சொல்லிட்டு, படிக்கு வந்து பாத்தாளாம், என்னக் காணலியாம். அவளுக்குக் கோச்சு புடிக்கும், ஆட்டம் புடிக்கும், ஆனா நான் வந்து கம்பி வேலிய புடிச்சுக்கிட்டு நின்னதப் பாத்ததும் மனசு கேக்கலியாம். 'வாறேன்னு சொல்லத்தான்பா இருக்கச் சொன்னேன், நீங்க கேக்கவே இல்லியே'ங்கா.

நீ இரு, முத்துக்கனி. அங்கனயே இரு. அவன் எங்க, ஜெபசிங்? பக்கத்துல நிக்கானா? அவன்ட்ட போனக் குடு.

ஏய், தவசிதான் பேசுதேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம், நான் சொல்லுதத மட்டும் கேளு. அவ பைய வாங்கி உள்ள கொண்டு போயி வை. அழுவா, அழட்டும், விட்டுரு. சாப்பிட வை, காலையில இருந்து ஒண்ணும் தின்னுருக்க மாட்டா. எடது கார்னர்லதான் அவ ஆடணும், வேற எங்கயாவது மாத்தி நிப்பாட்டுனன்னா நான் திரும்பவும் வருவேன். கேட்டுக்கோ. சமாதானத்துக்குப் பேசுதேன்னு நெனைக்காத.

என்ன?

ம். சரி, போன வை.

பாத்தியளா அண்ணாச்சி? வாறேன்னுட்டா. அவன் பக்கத்துல நிக்கும்போதே, அவனையும் விட்டு, டீமையும் விட்டு, எங்கூட வாறேன்னு பையக் கட்டிட்டா. இப்பம் சொல்லுங்க, ஜெயிச்சது யாரு? நான்தானே? ஜெயிச்சதுனாலதான் உள்ள போகச் சொன்னேன். தோத்திருந்தா சொல்லியிருப்பேனா? இழுத்துக்கிட்டுல்லா வந்திருப்பேன். அவன்கிட்ட அவள நான் விடலை, குடுத்துட்டு வந்திருக்கேன். இன்னைக்கு ஆட்டம் என் ஆட்டம், அதுல ஒரு சந்தேகமும் இல்ல.

நீங்க கொஞ்சம் ஜன்னலப் பாத்துத் திரும்பி உக்காருங்க அண்ணாச்சி. ஒண்ணும் இல்ல, சும்மாத்தான். வெளிய பாத்துக்கிட்டு வாங்க. எட்டயபுரம் வந்ததும் நானே கூப்பிடுதேன்.